படியில் கொடுத்த சீர்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரைதான் படித்தேன். அதற்கப்புறம் நான் பேனா பிடித்தது பிள்ளையின் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடத்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், தெரிகிறது. பெரிய விஷயம் எதுவும் இதில் இல்லை. என் மாமனாருக்கு முட்டி போய்விட்டது, அந்த முட்டியோடு தன் தங்கைக்குப் பொங்கல் சீர் கொண்டு போனார். அவ்வளவுதான். நேரமில்லாதவர்கள் இங்கேயே விட்டுவிடலாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

எங்கள் வீடு திருமழிசையில் பழைய தெரு ஒன்றில் இருக்கிறது. என் கணவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அதனால் பகலில் வீட்டில் மாமனாரும் நானும் மட்டும்தான். இதைச் சொல்லும்போது எங்கள் வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் மருமகள் மாமனாருக்கு நேராக நிற்க மாட்டாள், அவர் எதிரில் நாற்காலியில் உட்கார மாட்டாள், கை படப் பொருளைக் கொடுக்க மாட்டாள். தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும், அவர் எடுத்துக்கொள்வார். இப்போது வருகிற பெண்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. நான் வந்தபோது பார்த்தார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது.

மாமியார் இருந்தவரை பேச்செல்லாம் அவர் வழியாகவே போகும். அவர் போன பிறகு இவரும் நானும் சுவரைப் பார்த்துப் பேசப் பழகினோம். "சாப்பாடு வச்சிருக்கு" என்று நான் பீரோவிடம் சொல்வேன். "மோர் இருந்தா நல்லாயிருக்கும்" என்று அவர் காலண்டரிடம் சொல்வார். அவரும் என்னைப் போலவே கூச்சக்காரர். வருஷக்கணக்காக இப்படியே ஓடியது. எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. சுவரோடு யார் சண்டை போடுவார்கள்?

போன ஆடியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் முன்பே தேய்ந்திருந்த முட்டிகள் அதோடு அவரைக் கைவிட்டுவிட்டன. விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். லுங்கியை நன்றாக இழுத்து மூடிக்கொண்டு, "தொடாதம்மா. அவன் வரட்டும்" என்றார்.

அவன் என்றால் என் கணவர். அவர் வர சாயங்காலம் ஆகும். அதுவரை ஒரு மனிதர் ஈரத்தில் உட்கார்ந்திருப்பதா? கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவர் மடியில் போட்டு, "இடுப்பில சுத்திக்கச் சொல்லுங்க" என்று வாளியிடம் சொன்னேன். புரிந்துகொண்டார். துண்டை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சைப் பின்பக்கம் தள்ளினார். நான் பின்னால் போய் முடிச்சைப் பிடித்துத் தூக்கினேன். அவர் குழாயைப் பிடித்து எழுந்தார். அவர் உடம்பில் என் விரல் படவில்லை.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் முறை. எழ வேண்டுமென்றால் அவர் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு முறை கனைப்பார். நான் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போவேன். எழுந்து நின்றதும் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார், எங்கோ வெளியே கிளம்புகிற பெரிய மனுஷரைப் போல.

என் கணவர் ஒரு வாக்கர் வாங்கிக்கொண்டு வந்தார். நாலு கால் வைத்த, பளபளவென்று மின்னுகிற வாக்கர். மறுநாளே அதில் மாமனாரின் லுங்கி காய்ந்தது. அவர் நடப்பதற்கு வைத்துக்கொண்டது எங்கள் வீட்டுச் சிவப்பு பிளாஸ்டிக் சேரை. அதன் முதுகைப் பிடித்துத் தள்ளித் தள்ளி நடப்பார். முடியாவிட்டால் அதிலேயே உட்கார்ந்துவிடுவார்.

"வாக்கர் எதுக்குப்பா வாங்கினேன்?" என்று கணவர் கேட்டார்.

"வாக்கர் வச்சிகினு நின்னா முடியாதவன்னு நெனைப்பான். சேரு வச்சிகினு நின்னா உக்காரப் போறான்னு நெனைப்பான்."

மறுநாள் என் கணவரும் தன் துண்டை அதில் காயப் போட்டார்.

எங்கள் தெருவில் இப்படி நிறையப் பேர். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டுவிடுகிறார்கள். ரோடு உயர உயர வீடுகள் பள்ளத்துக்குப் போகின்றன. மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. வசதி வந்ததும் வீட்டை இடித்து உயரமாகக் கட்டுகிறார்கள். அப்புறம் படி வைக்கிறார்கள். அந்தப் படியோடு வீட்டிலுள்ள பெரியவர்களின் வெளியுலகம் முடிந்துபோகிறது. கோயிலுக்கு வரிசையாக நடந்து போனவர்கள் இப்போது அவரவர் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து எதிர் வீட்டோடு கத்திப் பேசிக்கொள்கிறார்கள். பஸ்ஸிலும் படி உயரம். ஹைவேயைத் தாண்டுவதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. யாரையாவது காணோமென்றால் ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நாங்கள் நினைப்பதில்லை. படியில் இறங்க முடியாமல் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறோம்.

மாமனாரின் தங்கை செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். என் கணவருக்கு அத்தை என்பதால் நானும் அத்தை என்றே கூப்பிடுவேன். மாமனாருக்கு மட்டும் அவர் பாப்பா. எழுபதைத் தாண்டிய பாப்பா. அந்தப் பாப்பா கல்யாணமாகிப் போன வருஷத்திலிருந்து பொங்கலுக்கு முன்னால் மாமனார்தான் சீர் கொண்டு போவார். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, முழுக் கரும்பு, ஒரு புடவை. முன்பு சைக்கிளில் போனார், அப்புறம் பஸ்ஸில். கரும்பின் தோகை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போக, கண்டக்டர் திட்டிக்கொண்டே வருவாராம். அரிசியை அண்ணன் தன் கையால் அள்ளித் தங்கையின் முந்தானையில் போட வேண்டும். அதுவும் வாசலுக்கு வெளியே நின்று கொடுக்கக் கூடாது, வீட்டுக்குள் போய்த்தான் கொடுக்க வேண்டும். அது அவர்கள் குடும்ப வழக்கம்.

விழுந்த பிறகு மாமனார் தங்கையைப் பார்க்கவே இல்லை. ஆவணியில் அத்தையின் மகன் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தபோதும், வயிறு சரியில்லை என்று சொல்லி இருந்துவிட்டார். நான் துணைக்கு இருந்தேன். என் கணவர் மட்டும் போய்வந்து, "ஊடு சூப்பரா கட்டிகீறான்" என்றார். போன் மட்டும் தினம் நடக்கும்.

"இன்னா பாப்பா, எப்படி கீற?"

"எனக்கின்னாண்ணா. நல்லாத்தான் கீறேன். இப்பத்தான் ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்து உக்காந்தேன். நீ?"

"நானா? காலையில ஏரி வரைக்கும் நடந்துட்டு வந்தேன்."

இதை அவர் இரண்டு முட்டியிலும் தைலம் தேய்த்துப் படுத்தபடியே சொல்வார். நான் சமையலறையில் பருப்பு கடைந்துகொண்டிருப்பேன். ஒரு நாள் நான் கொஞ்சம் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. "அவ கவலப்படுவா" என்று காலண்டரிடம் சொன்னார்.

மார்கழி பாதி ஆனதும் அவர் அரிசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நிலமெல்லாம் குடோன் ஆகிவிட்டதால் அரிசி கடையில்தான் வாங்க வேண்டும். ஆனாலும் எந்தக் கடை, எந்த அரிசி என்று அவருக்குக் கணக்கு இருந்தது. குழாயடியில் உடைந்த டிரம்மில் மஞ்சள் வளர்த்திருந்தார். தினம் சேரைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்து அதற்குத் தண்ணீர் விடுவார்.

"கம்பெனியில ஆர்டர் டைம்ப்பா. லீவு குடுக்க மாட்டான்" என்றார் என் கணவர், சாப்பிடும்போது. "ஞாயித்துக்கெழம நானே வண்டியில போய் குடுத்துட்டு வந்துடறேன்."

"நீ குடுத்தா அது நீ உன் அத்தைக்குக் குடுக்கறது. நான் என் தங்கச்சிக்குக் குடுக்கறது இல்ல."

"யாரு குடுத்தா இன்னாப்பா? அரிசி அரிசிதான்."

மாமனார் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். "ஒரு தபா கை மாறிச்சின்னா மாறினதுதான்டா. அப்புறம் என்னை எவனும் கூப்புட மாட்டான். பக்கத்துத் தெருவுல பெரியவரு கோயில்ல தீவட்டி புடிச்சிகினு இருந்தாரு. ஒரு வருசம் காய்ச்சல்னு புள்ளைய அனுப்பினாரு. மறு வருசம் திருவிழா எப்பன்னே அவருக்குச் சொல்லல."

என் கணவர் கெட்டவர் இல்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டார். எனக்குப் பேச வேண்டும் என்ற எண்ணமே இல்லை. எப்படியோ வாயில் வந்துவிட்டது. "நான் கூட்டிட்டுப் போறேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

போகிக்கு முந்தின நாள் கிளம்பினோம். எங்கள் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற பாய் பூந்தமல்லிக்காரர். மாமனாரை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார். ஆட்டோவைப் படியோடு ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் துண்டைப் பிடித்து ஏற்றினேன். அப்புறம் மாமனார் சிவப்புச் சேரைக் காட்டினார்.

"அது எதுக்கு நைனா? அவங்க ஊட்ல சேர் இல்லியா?"

"அவங்க ஊட்டு சேரு எனக்கு செட் ஆவாது."

"மாப்பிள்ளைக்குத்தான் சீர்ல சேரு குடுப்பாங்க. நீ தங்கச்சிக்குக் குடுக்கற."

"பேசாம கட்டு."

பாய் சேரைப் பின்னால் கட்டினார். கரும்பை இரண்டாக வெட்டலாம் என்று சொல்லிப் பார்த்தார். தோகையோடு முழுசாகத்தான் போக வேண்டும் என்றார் மாமனார். அதனால் அதை ஆட்டோவின் பக்கவாட்டில் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஹைவேயில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தோகை பறக்கப் பறக்கப் போனோம். மாமனார் புதுச் சட்டை போட்டு, மஞ்சள் கொத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். அவர் வெளியே வந்து எத்தனை நாளாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஒவ்வொரு குடோனையும் பார்த்து, இது யார் நிலம், அது யார் நிலம் என்று பாயிடம் சொல்லிக்கொண்டே வந்தார். வருத்தமாகச் சொல்லவில்லை. ஊர்க்கதை பேசுகிற மாதிரிதான்.

ஆட்டோ அத்தை வீட்டு வாசலில் நின்றதும் நிமிர்ந்து பார்த்தேன்.

அத்தை வீட்டுக்குள் ஒரு மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பயத்தில் மகன் புது வீட்டை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தான். தெருவிலிருந்து செங்குத்தாகப் படிகள். வழவழவென்று டைல்ஸ். கைப்பிடிக் கம்பி கிடையாது. என் கணவர் கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்தும் இந்தப் படியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால் நன்றாக இருப்பவர்களின் கண்ணில் படி படுவதில்லை.

மேலே, கதவுக்குப் பக்கத்தில், அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை கட்டி, பூ வைத்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் எழுந்து வரவில்லை.

மாமனார் கீழே சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாண்ணா. ஏன் அங்கியே நின்னுட்ட? மேல வா."

"வரேன், வரேன். ஊடு நல்லா கீதே. கொஞ்சம் நின்னு பாக்கறேன்."

"பாரு, பாரு. நல்லா பாரு."

கொஞ்ச நேரம் பார்த்தார். மாடியைப் பார்த்தார், தண்ணீர் டேங்கைப் பார்த்தார், திருஷ்டிப் பூசணியைப் பார்த்தார். பார்க்க ஒன்றும் பாக்கியில்லை.

"நீ எறங்கி வாயேன் பாப்பா. முன்னெல்லாம் தெருமுனைக்கே ஓடியாருவ."

"அடுப்புல பால் வச்சிருக்கேண்ணா. பொங்கிடும்."

உள்ளேயிருந்து அத்தையின் மருமகள் குரல் வந்தது. "அடுப்புல ஒண்ணும் வைக்கலியே அத்த."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நைனா, நீங்க ரெண்டு பேரும் இப்படியே பேசிகினு இருந்தா கரும்பு காஞ்சி போவும்" என்றார்.

அத்தை மருமகளை ஒரு முறை திரும்பி முறைத்தார். அப்புறம் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். கணுக்காலிலிருந்து முட்டி வரை துணி சுற்றியிருந்தது. "நிக்க முடியாதுண்ணா. ஆவணியில ஆளுங்க வர்றதுக்கு முன்னயே இந்த ஊட்டுக்குள்ள என்னைத் தூக்கியாந்து வச்சாங்க. அதோட சரி. இன்னும் மண்ணுல கால் வைக்கல."

"அப்ப ரேஷன் கடை?"

"ரேஷன் கடையா? அது என் மருமவ போனது. நீ ஏரி வரைக்கும் நடந்தியே, நீ ஏறி வாயேன்."

மாமனார் சேரைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்துக் காட்டினார். "இதான் பாப்பா நான் நடக்கறது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். அண்ணன் கீழே, தங்கை மேலே. நடுவில் ஓர் ஆள் உயரம். அத்தைதான் முதலில் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. மாமனாருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் பிடி தளரும் என்று பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அத்தையின் மருமகள் வெளியே வந்தாள். நல்ல பெண். "மாமா, நீங்க கீழயே உக்காருங்க. அக்கா சீர மேல எடுத்தாந்து குடுக்கட்டும். இன்னா இப்ப?" என்றாள்.

மாமனார் என் கையில் இருந்த அரிசிப் பையைப் பார்த்தார். கை மாறினால் மாறினதுதான் என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. பையைச் சேரில் வைத்துவிட்டு நான் தள்ளி நின்றேன்.

"தூக்கிடவா நைனா?" என்றார் பாய். "நானு, தெருவுல ரெண்டு ஆளு. ஒரே தூக்கு."

"தூக்கறதுக்குன்னு ஒரு நாளு வரும். அன்னிக்கு வந்து தூக்கு. இன்னிக்கு வேணாம்."

அப்போது அத்தை நாற்காலியிலிருந்து சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். மருமகள் ஓடி வருவதற்குள் வாசற்படியைத் தாண்டி உச்சிப் படிக்கு வந்துவிட்டார், உட்கார்ந்தபடியே. கையை ஊன்றி, இடுப்பை நகர்த்தி, காலை மெதுவாகக் கீழே விட்டு.

"வெளிய வச்சி குடுக்கக் கூடாது பாப்பா" என்றார் மாமனார்.

"எது வெளிய? படி யாரு ஊட்டுது? என் ஊட்டுது. மொத படியில நீ உக்காந்துட்டா என் ஊட்டுக்குள்ள வந்த மாதிரிதான். ஏறு. நானும் எறங்கறேன்."

மாமனார் சேரை விட்டுப் படியில் உட்கார்ந்தார். ஆனால் முதல் படியில் இருப்பது அவருக்குப் போதவில்லை. தங்கை மட்டும் இறங்கி வருவது அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்து, பின்னால் இருந்த படியில் கையை ஊன்றி, பின்பக்கமாக ஏற ஆரம்பித்தார். துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டார். கனைத்தார். நான் மேல் படியில் நின்று முடிச்சைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு படி ஏறினார். மூச்சு வாங்கியது. இன்னொரு படி.

"அண்ணா, பாத்து. என் மேல வந்து உக்காந்துடாத."

"எங்க கீற நீ? எனக்கு முதுவுல கண்ணு இல்ல."

"இதோ கீறேன். இன்னும் ரெண்டு."

புதுச் சட்டை, புதுத் துண்டு. அதுதான் தப்பாகிவிட்டது. வீட்டில் பழைய துண்டில் முடிச்சு இறுகி நிற்கும். இது கஞ்சி விறைப்போடு இருந்தது. அடுத்த படிக்குத் தூக்கும்போது முடிச்சு அவிழ்ந்து என் கையோடு வந்துவிட்டது. அவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். அந்தப் பக்கம் சுவர் இல்லை, கம்பி இல்லை, நேராகத் தெருதான்.

நான் எதையும் யோசிக்கவில்லை. குனிந்து இரண்டு கையையும் அவருடைய கக்கத்தில் கொடுத்து நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். சட்டைக்குள் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவருடைய தலை என் தோளில் இருந்தது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் கை விரலைக்கூட நான் தொட்டதில்லை. எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது. விட்டுவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

"விடாத" என்றார் அவர்.

சுவரிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார்.

நான் விடவில்லை. அப்படியே பிடித்துத் தூக்கி மேல் படியில் உட்கார வைத்தேன். அத்தை பக்கத்தில் வந்திருந்தார். "அண்ணா, அந்தப் பொண்ணு கைய நல்லா புடிச்சிக்கோ. பேரப்புள்ள எடுக்கற வயசு அவளுக்கு. இன்னும் இன்னா உங்களுக்கு வெக்கம்?" என்றார். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். மூச்சு அடங்கும்வரை பிடித்திருந்தார்.

பாதிப் படியில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாய் கரும்பைத் தோகையோடு கொண்டுவந்து படியில் சாய்த்தார். நான் பையைப் பிரித்து நீட்டினேன். மாமனார் அரிசியை இரண்டு கையாலும் அள்ளினார். கொஞ்சம் டைல்ஸில் சிதறியது. அத்தை முந்தானையை விரித்துப் பிடித்தார். முதல் கை, இரண்டாம் கை, மூன்றாம் கை. வெல்லம், வெற்றிலை, மஞ்சள் கொத்து. புடவையை மேலே வைத்தார். அந்தப் பாரத்தில் அத்தையின் கைகள் மெல்லத் தாழ்ந்து மடியில் படிந்தன.

"கால்ல வுழணும்ணா. எப்படி வுழறது?"

"வேணாம். நல்லா இரு."

"கை பக்கத்துலதான் கீது" என்று சொல்லி அத்தை அவர் காலைத் தொடப் போனார். பாதம் வரை குனிய முடியவில்லை. முட்டியோடு நின்றுவிட்டது கை. வீங்கிய அந்த முட்டியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "எண்ணெய் இன்னா தேய்க்கற?" என்று கேட்டார். அவர் சொன்னார். "அது சுத்த வேஸ்ட்டு" என்றார் அத்தை. அப்புறம் இரண்டு பேரும் தைலங்களைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். எந்த டாக்டர் ஊசி போடுகிறார், எந்த டாக்டர் எடையைக் குறை என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலி குறைகிறது. போனில் இத்தனை மாதம் ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

மதியச் சாப்பாட்டையும் படியிலேயே கொடுத்தோம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "இன்னா பாட்டிம்மா, படியில பந்தியா?" என்று ஒருவர் கேட்டார். "எங்க அண்ணன் வந்துகீறாரு" என்றார் அத்தை, அதுவே காரணம் என்பது போல. பாயும் அடுத்த படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். என்னையும் உட்காரச் சொன்னார்கள். மாமனார் எதிரில் எப்படி உட்காருவது என்று நின்றேன். "உக்காரும்மா. ஆறிடும்" என்றார் மாமனார். உட்கார்ந்தேன். அவருக்குக் கீழ்ப் படியில்தான். ஆனாலும் உட்கார்ந்தேன்.

சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு அத்தையின் மகன் வேலையிலிருந்து வந்தான். படியில் அம்மாவையும் மாமாவையும் பார்த்துத் திகைத்து நின்றான். "கம்பி போடறேன், கம்பி போடறேன்னு சொன்னாண்ணா" என்று அத்தை மாமனாரிடம் சொன்னார், அவன் காதில் விழும்படி. "சாமி ரூமுக்கு கண்ணாடி கதவு போட்டான். கார் நிறுத்த ஷெட் போட்டான். கம்பி மட்டும் அப்புறம்."

அவன் குனிந்து அம்மாவைத் தூக்கினான், சின்னக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி. "மெல்லடா, அரிசி கொட்டும்" என்று அத்தை திட்டிக்கொண்டே போனார். கதவுக்குள் போகிறவரை முந்தானையை விடவில்லை.

மாமனார் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினார். இறங்குவது எளிதாகத்தான் இருந்தது. நான் பக்கத்திலேயே கையைப் பிடித்து வந்தேன். துண்டு என் தோளில் கிடந்தது.

ஆட்டோ ஏரிக்கரையைத் தாண்டியதும் மாமனார், "அடுத்த வருசம் அரிசி கம்மியா வாங்கணும்மா" என்றார்.

"ஏன் மாமா?"

"பாப்பாவால மடியில தாங்க முடியல."

மறுநாள் போகி. மாமனாருக்கு இரண்டு முட்டியும் இன்னும் அதிகமாக வீங்கி, நாள் முழுக்கப் படுத்தே இருந்தார். அத்தைக்கும் அப்படித்தான் என்று அவர் மருமகள் போன் செய்தாள். என் கணவர் ஷிப்ட் முடிந்து வரும்போது மாத்திரை வாங்கி வந்தார். தெருவில் டயர் எரித்த புகை உள்ளே வந்ததால் ஜன்னல்களைச் சாத்தி வைத்தோம்.